மரம் எப்படி உயருகிறது? பிள்ளைக்குப் பதில் சொல்லுங்கள்

“மரம் எப்படி இவ்வளவு உயரம் வளருது?” என்று பிள்ளை கேட்டால் நம் வீடுகளில் பெரும்பாலும் இரண்டு பதில்தான் கிடைக்கும். ஒன்று, “மண்ணைச் சாப்பிட்டு வளருது.” மற்றொன்று, “பேசாம போய்ப் படி.” முதல் பதில் தவறு. இரண்டாவது அதைவிடத் தவறு.

தங்கவயலில் இதைச் சின்ன விஷயமென்று தள்ளுவதற்கில்லை. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டபின் ஆயிரக்கணக்கானோர் பெங்களூர் ரயிலை நம்பியே பிழைக்கிறார்கள். விடியுமுன் மாரிக்குப்பத்திலும் உரிகத்திலும் ஏறுகிறவர்கள் இரவில்தான் வீடு திரும்புகிறார்கள். பிள்ளை விழித்திருக்கும் நேரத்தில் தகப்பன் ரயிலில் இருக்கிறான். கேட்க ஆளில்லாத கேள்வி நாளடைவில் வற்றிப்போகும். ஆகவே, கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமையில் ஒரு கேள்விக்காவது ஒழுங்காகப் பதில் சொல்லுவோம். பத்தாவது படித்தவர்களுக்கே இது முடியும்.

முதலில், மரம் எந்த இடத்தில் வளருகிறது என்று காட்டுங்கள். தலைமுடி அடியில் வளரும்; மரம் நுனியில் வளரும். இளவயதில் அடிமரத்தில் பெயர் செதுக்கியவர்கள் இருபது வருடம் கழித்துப் போய்ப் பார்த்தாலும் அது அதே உயரத்தில்தான் இருக்கும். எழுத்து அகன்றிருக்கும், ஏறியிருக்காது. அடிமரம் பருக்கும். உயர்ந்துகொண்டே போவது கிளை நுனியில் உள்ள குருத்து. வீட்டருகே உள்ள வேப்பமரத்தில் பிள்ளையின் தலை உயரத்துக்கு ஒரு பெயிண்ட் பொட்டு வையுங்கள். வருடா வருடம் பிள்ளை உயரும். பொட்டு நின்ற இடத்திலேயே நிற்கும்.

அடுத்து, அத்தனை பெரிய உடம்பு எங்கிருந்து வந்தது? வான் ஹெல்மாண்ட் என்ற பெல்ஜியம் நாட்டு அறிஞர் 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டுத் தண்ணீர் மட்டும் ஊற்றினார். ஐந்து வருடத்தில் மரம் சுமார் 169 பவுண்டு ஆயிற்று. மண்ணில் குறைந்தது ஏறத்தாழ 2 அவுன்ஸ்தான்! 1648-ல் வெளியான அவரது நூலில் இது உள்ளது. எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது என்று அவர் நினைத்தார். அது பாதி உண்மை. காற்றிலுள்ள கரியமில வாயுவையும் தண்ணீரையும் சேர்த்து, வெயிலின் உதவியால் இலை சமைக்கும் உணவே மரமாகிறது என்பது பின்னால் தெரிந்தது. மண் தருவது கொஞ்சம் உப்புச் சத்து. இஸ்திரிப் பெட்டியில் போடும் கரியைக் காட்டி, “இது காற்றிலிருந்து வந்தது” என்று சொல்லுங்கள். பிள்ளையின் கண் விரியும்.

மூன்றாவது கேள்வி, தண்ணீர் எப்படி மேலே ஏறுகிறது? ஏறத்தாழ 3 கிலோமீட்டர் ஆழத்துக்குத் தோண்டிய நம் ஊரில், ஊறும் தண்ணீரை மேலேற்ற எத்தனை பம்புகள் ஓடின என்று சுரங்கத்தில் இறங்கிய தாத்தாக்களுக்குத் தெரியும். மேலிருந்து உறிஞ்சும் பம்பு 10 மீட்டருக்கு மேல் தண்ணீரைத் தூக்காது. கலிபோர்னியாவின் செம்மரம் ஒன்றோ 115 மீட்டரைத் தாண்டி நிற்கிறது. மோட்டார் எங்கே? இலையில்தான். இலையின் நுண்துளைகள் வழியே நீர் ஆவியாகும்போது பின்னால் உள்ள நீர் இழுபடுகிறது. எஞ்சின் இழுக்க, பெட்டி பெட்டியாகக் கோத்துக்கொண்டு ரயில் நகருவதுபோல நீர்த்துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வேரிலிருந்து ஏறுகின்றன. 1894-ல் டிக்சன், ஜோலி என்ற டப்ளின் அறிஞர்கள் சொன்ன விளக்கம் இது.

ஏன் உயர வேண்டும் என்றும் பிள்ளை கேட்கும். வெயிலுக்காக. தனியே நிற்கும் புளியமரம் அகலமாகப் படரும். நெருக்கி நட்ட தைலமரம் ஒல்லியாக நெடுநெடுவென்று போகும்.

தைலமரம் என்றதும் இன்னொன்று. நிலத்தடி நீர் குறைகிறது என்று 2017-ல் கர்நாடக அரசு அதைப் புதிதாக நடத் தடை விதித்தது. இலை தண்ணீரை இழுக்கும் என்று அறிந்த பிள்ளைக்கு இந்த உத்தரவின் காரணம் தானே விளங்கும். கோலார் மாவட்டத்தில் தண்ணீரைப் பற்றி நாளை முடிவெடுக்கப் போகிறவர்கள் அவர்கள்தானே?

பள்ளியில் பாடம் எந்த மொழியில் நடந்தாலும் வீட்டில் தமிழில் சொல்லுங்கள். பதில் தெரியாவிட்டால், “தெரியலை, ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம்” என்று சொல்வதில் பெற்றோரின் மரியாதை குறைந்துவிடாது. வாயை அடைத்தால்தான் குறையும்.