யாருடைய அரசியல் சாஸ்திரம்?

அமெரிக்க சர்வகலாசாலைகளில் அரசியல் சாஸ்திரத்தைக் கறுப்பு மக்களின் நிலையில் நின்றும் போதிக்க வேண்டும் என்றால், "சாஸ்திரத்துக்கு நிறம் ஏது? அது பொதுவல்லவா?" என்று சில மேதாவிகள் கிளம்பி விடுகிறார்கள். பொது என்பது இதுவரை பொதுவாக இருந்ததா என்றுதான் நாமும் கேட்கிறோம்.

அங்கு இச்சாஸ்திரத்தை வளர்த்தவர்கள் யார்? 1880-ல் கொலம்பியாவில் இதற்கென்றே ஒரு கலாசாலை கண்ட ஜான் பர்ஜெஸ், கறுப்பருக்கு ஓட்டுக் கொடுத்ததே தவறு என்று எழுதியவர். அரசியல் சாஸ்திர சங்கத் தலைவராயிருந்து நாட்டுக்கே தலைவரான உட்ரோ வில்சன் ஆட்சியில், 1913 முதல் சர்க்கார் ஆபீசுகளில் கறுப்பர் தனியே ஒதுக்கப்பட்டார்கள். இவர்கள் சொன்னது பொதுச் சாஸ்திரமாம். கறுப்பர் வாய் திறந்தால் மட்டும் வகுப்புவாதமாம்!

1787-ல் செய்த அரசியல் சட்டத்தை ஜனநாயகத்தின் பிறப்பு என்று பாடம் சொல்லுகிறார்கள். பிரதிநிதிகளின் தொகையைக் கணக்கிட அடிமைகள் ஐவரை மூவராக எண்ணச் சொன்னதும் அதே சட்டந்தான். அம்மூவருக்கும் ஓட்டில்லை, அவர்களை எண்ணியதால் கூடிய ஸ்தானங்களோ எஜமானர்களின் மாகாணங்களுக்கு! 1870-ல் கறுப்பு ஆண்களுக்குக் காகிதத்தில் வந்த ஓட்டு, தென் மாகாணங்களில் படிப்புப் பரீட்சை என்றும் தலைவரி என்றும் பறிக்கப்பட்டு, 1965-ல் தனிச்சட்டம் வந்த பிறகே பெரும்பாலும் கைக்குக் கிடைத்தது. எனவே எஜமானின் பேரன் எண்ணும் ஜனநாயகத்தின் வயது வேறு. அடிமையின் பேரன் எண்ணும் வயது வேறு. ஒன்றை மட்டும் போதிப்பது கல்வியாகுமா?

இவ்வுரிமை தானமாக வந்ததல்ல. 1934-ல் ஹார்வர்டில் டாக்டர் பட்டம் பெற்ற ரால்ப் பஞ்ச், ஹோவர்டு சர்வகலாசாலையில் கறுப்பு மாணவர்களுக்காக இத்துறையை நிறுவி நடத்தினார். 1968-ல் சான்பிரான்சிஸ்கோ ஸ்டேட் காலேஜ் மாணவர்கள் சுமார் ஐந்து மாதம் வேலைநிறுத்தம் செய்தே கறுப்பர் கல்வித் துறையைப் பெற்றார்கள். 1969-ல் கறுப்பு அரசியல் அறிஞர்கள் தமக்கென ஒரு மகாநாட்டு ஸ்தாபனமே கண்டார்கள்.

ஆனால் 2023-ல் பிளோரிடா மாகாணம் ஒரு சட்டம் செய்தது. நிறவேற்றுமை நாட்டின் ஸ்தாபனங்களிலேயே ஊறியது, ஏற்றத்தாழ்வைக் காக்கவே அவை அமைந்தன என்ற கொள்கையைச் சர்க்கார் சர்வகலாசாலைகளின் பொதுப்பாடங்களுக்கு ஆதாரமாக்கக் கூடாதாம். அப்படியானால் ஐவரை மூவராக்கிய கணக்குக்கு ஆசிரியர் என்ன காரணம் சொல்லுவார்?

கறுப்பர் சொல்வதாலேயே ஒன்றை ஒப்ப வேண்டுமென்பதல்ல நமது வாதம். அதையும் அறிவால் சோதியுங்கள். ஆனால் சோதிக்கவே விடாமல் சட்டத்தால் வாயைக் கட்டுவது எதனால்? சோதித்தால் எது நிற்கும், எது விழும் என்று தெரிந்திருப்பதால் அல்லவா?