டிராக்டர் ஓட்டுறவன் முதுகுக்கு யார் பொறுப்பு?



சென்னை பாடியில் உள்ள வீல்ஸ் இந்தியா ஆலையில் டிராக்டர் சக்கரம் தயாராகிறது. சக்கரம் செய்கிற தொழிலாளிக்கு 1948லேயே தொழிற்சாலைச் சட்டம் வந்துவிட்டது. அந்தச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்து உழுகிறவனுக்கு? அந்தச் சட்டம் வரப்பைத் தாண்டி வரவேயில்லை!

ரோட்டவேட்டர் ஓட்டும்போது உடம்பு குலுங்க, இடுப்பைத் திருகித் திருகிப் பின்னால் பார்த்தே ஆகணும். வருஷக்கணக்கில் இப்படி ஓட்டினால் நடுமுதுகு தாங்குமா? தினம் 8 மணி நேரம் 85 டெசிபல் சத்தம் கேட்டாலே காதுக்குக் கேடு. போன காது திரும்பாது.

மத்தியப் பிரதேசம் புத்னியில் மத்திய அரசின் சோதனை நிலையம் டிராக்டரின் அதிர்வையும், ஓட்டுகிறவர் காதருகே சத்தத்தையும் அளந்து அறிக்கை தருகிறது. ஷோரூமில் யார் அதைக் காட்டுகிறார்கள்? குதிரைத்திறன் பேச்சுதான்!

கவிழ்ந்தால் ஆளை நசுக்காமல் காக்கும் இரும்புச் சட்டத்தைப் புது டிராக்டர்களுக்கு 1959லேயே கட்டாயமாக்கியது சுவீடன். சாவு குறைந்தது. (நாம் வெயிலுக்கு மாட்டும் தகரக் கூரை அதற்கு ஈடாகாது.)

கேட்கிறோம்: மானியத்தில் தரும் ஒவ்வொரு டிராக்டரிலும் ஸ்பிரிங் சீட்டும், காப்புச் சட்டமும், சீட் பெல்ட்டும் இருக்கணும். புத்னி அறிக்கையைத் தமிழில் கையில் கொடுக்கணும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிரைவர்களுக்கு வருஷம் ஒருமுறை காதும் முதுகும் பார்க்கணும்.