கல்யாண ஊர்வலம் எந்தத் தெரு வழியாக?

கல்யாண வீட்டில் ஒரு மாதம் எப்படிப் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். பத்திரிகை அடிக்க வேண்டும், புடவை எடுக்க வேண்டும், தாலிக்குச் சொல்ல வேண்டும். சமையல்காரருக்கு அட்வான்ஸ், சாமியானா, நாற்காலி, ரேடியோ செட், பேண்டு என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். கடந்த வைகாசியில் என் தம்பிக்குக் கல்யாணம். விழுப்புரம் மாவட்டத்தில் எங்கள் பக்கத்துச் சனங்களுக்குப் பையன் வீட்டில்தான் கல்யாணம், செலவும் அவர்களுடையதுதான். சித்திரை பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடவில்லை.

செலவுக் கணக்கை நான் ஒரு நோட்டில் எழுதி வந்தேன். எல்லாம் முடிந்து ஒருநாள் அதைப் புரட்டியபோதுதான் ஒன்று உறைத்தது. அந்த மாதம் முழுக்க நாங்கள் இன்னொரு வேலையும் பார்த்திருக்கிறோம், அதற்கு நோட்டில் தலைப்பே இல்லை. ஊரோடு உரசாமல் கல்யாணத்தை முடிக்கும் வேலை அது.

முதலில் பத்திரிகை. தம்பிக்கு அம்பேத்கர் படம் போட்டுத்தான் அடிக்க வேண்டும். பெரியப்பா, “ஊர்ல நாலு பேருக்கு வைக்கணுமேப்பா” என்றார். கடைசியில் இரண்டு விதமாக அடித்தோம். அம்பேத்கர் படத்தோடு 400, பிள்ளையார் படத்தோடு 100. எந்த வீட்டுக்கு எது என்று அம்மா தனித்தனிப் பைகளில் பிரித்து வைத்தார். கை மாறிப் போய்விடக் கூடாதே என்று இரண்டு முறை சரிபார்த்தார்.

அடுத்தது பந்தி. ஊரிலிருந்து நாலைந்து பேர் வருவார்கள், மொய் எழுதுவார்கள், கை நனைக்க மாட்டார்கள். அவர்களுக்கென்று மூடி திறக்காத குளிர்பானம் இரண்டு பெட்டி தனியாக வாங்கி வைக்க வேண்டும். இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. மளிகைப் பட்டியலில் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது.

மூன்றாவது, மாப்பிள்ளை அழைப்பு. மாதத்தின் பாதிச் சண்டை இதில்தான்.

எங்கள் ஊரில் பஸ் ஸ்டாப்பிலிருந்து காலனிக்கு வர இரண்டு வழி. ஊர்த்தெரு வழியாக வந்தால் பத்து நிமிடம். ஏரிக்கரையைச் சுற்றி வந்தால் முக்கால் மணி நேரம். ஏரிக்கரையில் தெருவிளக்கு கிடையாது. பால் ஊற்ற, ரேஷன் வாங்க, பள்ளிக்கூடம் போக எல்லோரும் ஊர்த்தெருவில்தான் நடக்கிறோம். ஆனால் எனக்கு நினைவு தெரிந்து காலனி மாப்பிள்ளை ஒருவரும் மாலையும் மேளமுமாக அந்தத் தெருவில் வந்ததில்லை. வரக் கூடாது என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையே அவர்களுக்கு வரவில்லை, நாங்களே சுற்றிப் போய்விடுகிறோம்.

தம்பியும் அவன் நண்பர்களும் இந்த முறை ஊர்த்தெருதான் என்றார்கள். நானும் அவர்கள் பக்கம்தான். வாரத்துக்கு இரண்டு கூட்டத்தில் சட்டம் பேசுகிறவள் வேறு எந்தப் பக்கம் இருக்க முடியும்?

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் சாலையைப் பயன்படுத்தச் சாதியின் பெயரால் தடை கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் 15-ஆவது பிரிவு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் கொண்டுவந்த திருத்தம் கல்யாண ஊர்வலத்தைப் பெயர் சொல்லியே காக்கிறது. பட்டியல் சாதியினர் கல்யாண ஊர்வலம் போவதை, மாப்பிள்ளை குதிரையிலோ வண்டியிலோ ஏறுவதைத் தடுத்தால் ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை. சட்டத்தில் இப்படி ஒரு வரி எழுத வேண்டியிருந்தது ஏன் என்பதற்கு வரலாறு இருக்கிறது. 1980 மே மாதம் இன்றைய உத்தராகண்டின் கஃபால்டா கிராமத்தில், மாப்பிள்ளை பல்லக்கை விட்டு இறங்கவில்லை என்று தொடங்கிய தகராறில் 14 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். 2018-இல் உத்தரப் பிரதேசத்தின் காஸ்கஞ்ச் மாவட்டத்தில் ஒரு சட்ட மாணவர் தன் ஊர்வலத்தைப் பெண்ணின் ஊர்த்தெரு வழியாக நடத்த மாதக்கணக்கில் மனுவோடு அலைந்தார். கடைசியில் போலீஸ் காவலோடுதான் குதிரை வண்டி நகர்ந்தது. சென்னை மாகாணத்தில் பொதுச் சாலையும் பொதுக் கிணறும் எல்லோருக்கும் உரியவை என்று சட்டசபையில் தீர்மானம் நிறைவேறியது 1924-இல். நூறு வருடம் கடந்துவிட்டது.

இதையெல்லாம் மனுவில் எழுதிக்கொண்டு, கல்யாணத்துக்கு இருபது நாள் முன்னால் நானும் தம்பியும் காவல் நிலையம் போனோம். அங்கிருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். “நல்ல காரியத்துல எதுக்கும்மா பிரச்சினை? ஏரிக்கரை வழியாப் போறோம்னு எழுதிக் குடுங்க, பந்தோபஸ்து போட்டுடறோம்.” நான் அப்படி எழுதித் தரவில்லை. மனுவை வாங்கிக்கொண்டு ரசீது கொடுங்கள் என்று உட்காரவும் இல்லை. நாளை வருகிறோம் என்று திரும்பி வந்துவிட்டேன். அடுத்தவர் மனுவுக்கு ரசீது வாங்காமல் நான் எழுந்ததே கிடையாது.

அன்று இரவு அம்மா பேசினார். எங்கள் வீட்டில் இரண்டு மாடு. காலையும் மாலையும் பால் கொண்டுபோய் ஊற்றும் இடம் ஊர்த்தெருவில் இருக்கிறது.

“நீ விழுப்புரத்துல இருக்க. உன் தம்பி ஒரகடத்துல கம்பெனிக்குப் போயிடுவான். மறுநாள் விடியக்காலம் கேனத் தூக்கிக்கிட்டு அந்தத் தெருவுல போறவ நானு. பால்ல தண்ணி இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டான்னா, நீ எந்தச் சட்டத்த எடுத்துக்கிட்டு வருவ?”

என்னிடம் பதில் இல்லை. பொருளாதாரப் புறக்கணிப்பும் அதே சட்டத்தில் குற்றம்தான். ஆனால் பால் அளக்கிறவர் உதட்டைப் பிதுக்குவதை எந்த முதல் தகவல் அறிக்கையில் எழுதுவது? கல்யாணத்துக்காக மகளிர் குழுவில் எடுத்த கடனை அந்தப் பாலை நம்பித்தான் கட்ட வேண்டும்.

ஏரிக்கரை வழியாகத்தான் போனோம். இருட்டு வழி என்பதால் சின்ன யானை வண்டியில் ஜெனரேட்டர் ஏற்றி, குழல் விளக்குக் கட்டி இழுத்தோம். நோட்டில் ‘ஜெனரேட்டர் வண்டி - 3,500’ என்று இருக்கிறது. ஊர்த்தெருவில் போயிருந்தால் அந்தச் செலவே கிடையாது. சாதிக்கு நாங்கள் கட்டிய வரி அது, எங்கள் கையாலேயே எழுதி வைத்திருக்கிறோம்.

தோழர்களே, இப்படி ஒரு சம்பவத்தைக் கேட்டதும் நமக்கு இரண்டு விதமாகப் பேசத் தோன்றும். அம்மாவுக்கு விழிப்புணர்வு போதாது என்போம். இல்லையென்றால், கல்யாணம் குடும்ப விஷயம், அதில் போய் எதற்குப் போராட்டம் என்போம். இரண்டுமே தப்பு என்று இப்போது நினைக்கிறேன். அம்மாவுக்கு ஊரைப் பற்றித் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது. எதற்கு யார் என்ன விலை கொடுப்பார்கள் என்று அவர் கணக்குப் போட்டார், அந்தக் கணக்கு சரியாக இருந்தது. அதே சமயம், ஒவ்வொரு கல்யாண வீடும் தனித்தனியாக இந்தக் கணக்கைப் போட்டால் ஒவ்வொரு முறையும் ஏரிக்கரைதான் விடையாக வரும்.

கேள்வியைக் கல்யாண வீட்டுத் தலையில் வைப்பதுதான் நாம் செய்யும் பிழை. கடன், சீர், சமையல், சொந்தபந்தம் என்று மூச்சு முட்டி நிற்கும் ஒரு குடும்பத்திடம் போய், ஊரின் சாதியையும் நீயே உடை என்கிறோம். அன்றைக்குச் சாயங்காலம் கொடியோடு போகிறோம், படம் எடுக்கிறோம், கடைசி பஸ்ஸில் திரும்பிவிடுகிறோம். மறுநாள் விடியற்காலை பால் கேனோடு நாம் நடப்பதில்லை.

என்ன செய்யலாம்? நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

தெரு வழி பற்றிய மனுவைக் கல்யாண வீடு கொடுக்கக் கூடாது. காலனியே சேர்ந்து கொடுக்க வேண்டும், அதுவும் எந்த வீட்டிலும் கல்யாணம் இல்லாத மாதத்தில். காவல் நிலையத்தோடு நிறுத்தாமல் ஆட்சியருக்கும் எஸ்.பி.க்கும் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி ஆட்சியர் தலைமையில் மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். அந்தக் கூட்டத்தில் இதை எழுப்ப ஆள் பிடிக்க வேண்டும். கடமையைச் செய்யாத அதிகாரியையும் தண்டிக்க அந்தச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு இருக்கிறது என்பதை மனுவிலேயே எழுதுங்கள்.

அதற்கும் முன்னால், அந்தக் குடும்பம் எதற்கெல்லாம் ஊரைச் சார்ந்திருக்கிறது என்று பாருங்கள். பாலா, கூலியா, கடனா, மாடு மேய்க்கும் நிலமா? அந்தக் கயிறு அறுந்தால் பிடித்துக்கொள்ள மாற்று என்ன என்று பேசாமல் ‘தைரியமா வாங்க’ என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஊர்வலம் முடிந்தபின் குறைந்தது ஆறு மாதம் அந்த வீட்டுக்குப் போய் வர ஆள் வேண்டும்.

எங்கள் காலனியில் வரும் தையில் இன்னொரு கல்யாணம். இப்போது பதினெட்டு வீடுகள் மாடு வைத்திருக்கின்றன. காலனியிலேயே பால் எடுக்க ஒரு இடம் வேண்டும் என்று போன வாரம் மனு எழுதினோம். அம்மா முதல் கையெழுத்துப் போட்டார். தெரு வழி மனுவையும் படித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, “மொதல்ல பாலுக்கு ஒரு வழி பண்ணுங்க, இதுலயும் போடறேன்” என்றார்.

இரண்டு மனுக்களும் என் பையில் இருக்கின்றன. தைக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. உங்கள் ஊரிலும் ஒரு ஏரிக்கரை இருக்கும், விசாரியுங்கள்.