உறங்காத வண்டி

சாரல் காலத்தில் ஐந்தருவிக்கு மின்சாரக் காரில் போகிறவர்கள் சாவியை அருவிக்குள் கொண்டுபோவதில்லை. வண்டியருகே துணிமணிக்குக் காவலிருக்கும் பெரியவரின் மடியில் அது கிடக்கும். சாவி பக்கத்திலேயே இருப்பதால் சில வண்டிகள் உறங்காமல் விழித்தே கிடக்கின்றன. பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் பயனில்லை. கதவுப் பூட்டும், அந்தப் பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலேயும் 12 வோல்ட் சிறு பேட்டரியின் தயவில்தான். அது தீர்ந்தால், ஈரத்துணியோடு வெளியே நிற்க வேண்டியதுதான். (சாவிக்குள்ளே ஒரு இரும்புச் சாவி ஒளிந்திருப்பதை எத்தனை பேர் அறிவோம்?) 2020இல் டாடா நெக்ஸானின் மின்வண்டி வந்தது முதல், ஒருமுறை ஏற்றினால் எத்தனை கிலோமீட்டர் என்பதே பேச்சாக இருக்கிறது. சும்மா நிற்கையில் வாரத்துக்கு எவ்வளவு குடிக்கும் என்பதையும் விளம்பரத்திலேயே, தமிழிலேயே அச்சிட வேண்டும் என்பது நம் கட்சி.