பச்சை விளக்கை நம்பலாமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் படிக்கும் இதழில் கார் இன்ஜின் பற்றி எதற்கு எழுத வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நான் கார் மெக்கானிக் அல்ல. இன்ஜினியரிங் முடித்துவிட்டு, சாப்ட்வேர் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். புரோகிராம்களைச் சோதித்துப் பார்ப்பது என் அன்றாட வேலை. ஆனால், சோதனை என்றால் என்ன என்பதை எனக்கு உறைக்கும்படி சொல்லிக் கொடுத்தது, கல்லூரி நண்பன் ஒருவனின் டர்போ காரில் பொருத்தியிருந்த ஒரு சின்ன தண்ணீர் டேங்க். அங்கே கற்றுக் கொண்டது உங்கள் மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டருக்கும் பொருந்தும். அதனால்தான் இந்தக் கட்டுரை.

இன்ஜினுக்குள் ஏன் தண்ணீர்?

டர்போ என்பது, வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று, இன்ஜினுக்குள் அதிகக் காற்றை அழுத்தித் தள்ளும் ஒரு சாதனம். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப்பின் அடிப்பகுதி சூடாவதைக் கவனித்திருப்பீர்கள். அழுத்தப்படும் காற்று சூடாகும். டர்போவிலும் இதுதான் நடக்கிறது. சூடான காற்றுடன் பெட்ரோல் கலந்து சிலிண்டருக்குள் போனால், ஸ்பார்க் பிளக் மூட்டிய தீ பரவி வந்து சேரும் முன்பே, மீதமுள்ள கலவை தானாகவே வெடிக்கும் ஆபத்து உண்டு. இதனை “நாக்” என்பார்கள். கடுமையான நாக் தொடர்ந்து வந்தால் பிஸ்டனே உடையலாம்.

இந்த இடத்தில்தான் தண்ணீர் உதவிக்கு வருகிறது. தண்ணீரையும் மெத்தனாலையும் சரிபாதியாகக் கலந்து, பனிப்புகை போன்ற நுண்துளிகளாகக் காற்றுக் குழாயில் தெளிக்கிறார்கள். துளிகள் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சிக் கொள்கின்றன. ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2,250 கிலோஜூல் வெப்பம் வேண்டும். மெத்தனாலுக்கு அதில் பாதி, சுமார் 1,100. பெட்ரோலுக்கு 350 அளவில்தான். எனவே குளிர்விப்பதில் தண்ணீர்தான் ராஜா. மெத்தனால் எரிபொருளாகவும் எரியும். நாக்கை எதிர்க்கும் திறனும் அதற்கு அதிகம். குளிர் நாடுகளில் தண்ணீர் உறையாமலும் காக்கும்.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109 போர் விமானங்களில் “எம்.டபிள்யூ. 50” என்ற பெயரில் இதே பாதிக்குப் பாதி கலவை பயன்பட்டது. அமெரிக்காவின் பி-47 தண்டர்போல்ட் விமானத்திலும் தண்ணீர் தெளிப்பு இருந்தது. 2015ல் அறிமுகமான பி.எம்.டபிள்யூ. எம்4 ஜி.டி.எஸ். காரில் வெறும் தண்ணீரைத் தெளிக்கும் அமைப்பைக் கம்பெனியே பொருத்திக் கொடுத்தது.

ஒன்றைக் கவனியுங்கள். தண்ணீரைத் தெளித்ததும் கார் தானாகச் சீறிப் பாயாது. காற்று குளிர்ந்து விட்டது என்ற தைரியத்தில், டர்போவின் அழுத்தத்தைக் கூட்டுவார்கள். ஸ்பார்க் வரும் நேரத்தை முன்னால் நகர்த்துவார்கள். கூடுதல் சக்தி வருவது இந்த மாற்றத்தால்தான். அப்படியானால், ஓட்டத்தின் நடுவே தண்ணீர் நின்று போனால்? அழுத்தம் கூட்டியபடியே இருக்கும், குளிர்ச்சி மட்டும் இருக்காது. பிஸ்டன் உடைவது அப்போதுதான்.

கம்ப்யூட்டர் எங்கே வருகிறது?

இன்றைய கார்களில் இ.சி.யூ. என்ற ஒரு குட்டிக் கம்ப்யூட்டர்தான் இன்ஜினை ஆள்கிறது. ஸ்டியரிங்கிற்குக் கீழே உள்ள ஓ.பி.டி. சாக்கெட்டில் ஒரு சிறிய அடாப்டரைச் செருகினால், இன்ஜின் வேகம், காற்றின் வெப்பநிலை, அழுத்தம், ஸ்பார்க் நேரம் முதலியவற்றை லேப்டாப்பில் பதிவு செய்யலாம். பதிவாகும் பைல் பெரும்பாலும் சி.எஸ்.வி. வகையாக இருக்கும். எக்ஸெல்லிலோ, இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமிலோ இதனைத் திறந்து வரைபடம் போடலாம்.

நண்பன் அப்படித்தான் செய்திருந்தான். கோவை அருகே ஒரு ஒர்க் ஷாப்பில், உருளைகள் மேல் காரை நிறுத்தி ஓட்டும் டைனோ கருவியில் சோதித்து, பைலை என்னிடம் கொடுத்தான். “எவ்வளவு பவர் ஏறியிருக்குன்னு பாருடா” என்றான். அந்தப் பைலைப் புரட்டியபோதுதான், எண்கள் எத்தனை வகையில் ஏமாற்றும் என்று தெரிந்தது.

எண்கள் ஏமாற்றும் இடங்கள்

முதலாவது, ஒரே ஒரு ஓட்டத்தை வைத்து முடிவு செய்வது. உதாரணமாக, தண்ணீர் இல்லாமல் மூன்று முறை ஓட்டி 148, 153, 150 குதிரைசக்தி வந்ததாக வைத்துக் கொள்வோம். தண்ணீருடன் 152, 155, 151. சராசரி பார்த்தால் 150.3, 152.7. ஏறக்குறைய இரண்டரை கூடிவிட்டது என்று மகிழலாமா? தண்ணீரே இல்லாத ஓட்டங்களுக்குள்ளேயே 5 வித்தியாசம் இருக்கிறதே! இந்த இரண்டரை எதையும் நிரூபிக்காது. ஸ்பிரெட்ஷீட்டில் ஆவரேஜ் பங்ஷனை மட்டும் போடாமல், மேக்ஸ், மின் இரண்டையும் சேர்த்துப் போடுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

இரண்டாவது, ஓட்டங்களின் வரிசை. தண்ணீர் இல்லாத ஓட்டங்களை எல்லாம் காலையிலும், தண்ணீருடன் ஓடுவதை எல்லாம் மதிய வெயிலிலும் செய்தால், நீங்கள் அளப்பது வெயிலையும் சேர்த்துத்தான். ஒன்று விட்டு ஒன்றாக மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். ஒரே பெட்ரோல், ஒரே கியர், ஒரே தொடக்க வேகம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்.

மூன்றாவது, சென்சார். காற்றின் வெப்பநிலை மடமடவென்று இறங்கியதைக் காட்டி நண்பன் பெருமைப்பட்டான். சென்சார் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். தண்ணீர் தெளிக்கும் நாசிலுக்குச் சற்றுத் தள்ளித்தான் இருந்தது. துளிகள் நேராகச் சென்சார் மீதே பட்டால், அது காட்டுவது நனைந்த சென்சாரின் வெப்பநிலை. ஈரத்துணி சுற்றிய பானை போல அது குளிர்ந்துதான் தெரியும். மாறாக, சென்சார் நாசிலுக்கு முன்னால் இருந்தால் எந்த மாற்றமும் தெரியாது. ஆகவே, இந்த ஒரு எண்ணை மட்டும் நம்பாமல், நாக் வந்ததால் இ.சி.யூ. ஸ்பார்க்கைப் பின்னுக்குத் தள்ளியதா என்பதைப் பார்க்க வேண்டும்.

நான்காவது, பதிவின் வேகம். விலை குறைந்த அடாப்டர்கள் நொடிக்குச் சில அளவுகளைத்தான் எடுக்கும். பத்து விஷயங்களைப் பதிவு செய்யச் சொன்னால், ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் பங்கு இன்னும் குறையும். நாக் என்பது கண் இமைக்கும் முன் வந்து போய்விடும். பைலில் இல்லை என்பதால் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. தேவையான மூன்று, நான்கு விஷயங்களை மட்டும் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்வது நல்லது.

கம்ப்யூட்டரே தேவைப்படாத ஒரு சோதனையும் உண்டு. நாசிலைக் கழற்றி, அளவு போட்ட ஜாடியில் ஒரு நிமிடம் தெளிக்க விட்டு அளப்பது. இதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. பம்ப் 10 பார் அழுத்தத்தில் தள்ளுகிறது, காற்றுக் குழாயில் டர்போ 1 பார் அழுத்தம் வைத்திருக்கிறது என்றால், தண்ணீரைத் தள்ள மிஞ்சுவது 9 பார்தான். ஜாடியில் அளந்ததை விடச் சுமார் 5 சதவீதம் குறைவாகவே இன்ஜினுக்குப் போகும்.

பச்சை விளக்கு

இத்தனையும் பார்த்த பிறகு நான் கேட்டேன்: “தண்ணீர் நின்னுட்டா என்ன ஆகும்னு சோதிச்சியா?”

“அதெல்லாம் பக்காடா. கோளாறுன்னா சிவப்பு எரியும். இப்ப பச்சை எரியுது பார்” என்றான்.

இன்ஜினை அணைத்துவிட்டு, நாசிலைக் கழற்றி, அந்த இடத்தில் குழாயை அடைத்தோம். கன்ட்ரோலரில் இருந்த டெஸ்ட் பட்டனை அழுத்தினோம். ஒரு சொட்டுத் தண்ணீர் வெளியே வரவில்லை. விளக்கு மட்டும் பச்சையாகவே எரிந்தது! ஒர்க் ஷாப் அண்ணன் எதுவும் பேசாமல் என்னைப் பார்த்தார். அந்த விளக்கு பார்த்துக் கொண்டிருந்தது டேங்கில் தண்ணீர் இருக்கிறதா என்பதை மட்டும்தான். டேங்க் நிறைய இருந்தது. அதனால் அதன் கணக்கில் எல்லாம் நலம். இதே அடைப்பு நெடுஞ்சாலையில் ஏற்பட்டிருந்தால், இன்ஜின் போன பிறகும் அது பச்சையாகவே எரிந்திருக்கும்.

பிறகு, குழாயில் ஓடும் தண்ணீரை அளக்கும் சென்சார் பொருத்தினான். குறைந்தபட்ச அளவு மட்டும் வைத்தால் போதும் என்றான். நான் மறுத்தேன். சென்சாருக்கு அப்பால் குழாய் கழன்று விட்டால் தண்ணீர் முன்பை விட வேகமாக ஓடும். ஆனால் இன்ஜினுக்குப் போகாது. எனவே அதிகபட்ச அளவும் வேண்டும். இன்னொன்று, எச்சரிக்கை கொண்டு போகும் ஒயரே அறுந்தால்? ஒயர் அறுந்தாலும் ஆபத்து என்று எடுத்துக் கொண்டு டர்போ அழுத்தம் குறையும்படி இணைப்பு இருக்க வேண்டும். காலி டேங்க், அடைத்த நாசில், கழன்ற குழாய், பிடுங்கிய பியூஸ், அறுந்த ஒயர். ஐந்தையும் வேண்டுமென்றே செய்து பார்த்து, ஒவ்வொரு முறையும் இ.சி.யூ.வுக்குச் சேதி போய்ச் சேர்ந்ததா என்று பார்த்த பிறகுதான் வண்டியை எடுக்கச் சொன்னேன்.

இதுதான் என் கருத்து. பவர் எவ்வளவு ஏறியது என்று அளப்பது ஆசைக்காகச் செய்யும் சோதனை. கோளாறு வந்தால் என்ன ஆகும் என்று பார்ப்பது அவசியத்திற்காகச் செய்யும் சோதனை. இரண்டாவதைச் செய்யாதவர் முதலாவதைச் செய்யவே கூடாது.

1962 சொல்லும் பாடம்

அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் நிறுவனம் 1962ல் ஜெட்ஃபயர் என்ற டர்போ காரை வெளியிட்டது. 3.5 லிட்டர் இன்ஜின், 215 குதிரைசக்தி. நாக் வராமல் இருக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை “டர்போ ராக்கெட் ப்ளூயிட்” என்ற பெயரில் தந்தார்கள். திரவம் தீர்ந்தால் டர்போ அழுத்தத்தைத் தானாகக் குறைக்கும் பாதுகாப்பும் இருந்தது. ஆனால், பல உரிமையாளர்கள் திரவத்தை நிரப்பவே இல்லை. கார் மந்தமாக ஓடுகிறது என்று குறை சொன்னார்கள். அடுத்த ஆண்டே, 1963ல், தயாரிப்பு நின்றது. பின்னர் நிறுவனமே டர்போவை எடுத்துவிட்டுச் சாதாரண கார்புரேட்டர் போட்டுத் தர முன்வந்தது. இன்ஜினியர்கள் இயந்திரத்தைச் சோதித்தார்கள். மனிதர் மறந்து விடுவார் என்பதைப் போதிய அளவு கணக்கில் எடுக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

மெத்தனால் பற்றி ஓர் எச்சரிக்கையும் அவசியம். அது கொடிய விஷம். சிறிதளவு உள்ளே போனாலும் பார்வை போகும், உயிரும் போகும். தோல் வழியாகவும் உடலில் சேரும். பகல் வெளிச்சத்தில் அதன் தீ கண்ணுக்கே சரியாகத் தெரியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் உயிரைக் குடித்தது மெத்தனால் கலந்த சாராயம்தான். நம் மாநிலத்தில் உரிமம் இல்லாமல் இதனை வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது. குழந்தைகள் நடமாடும் வீட்டில் இதற்கு இடமே இல்லை. நண்பனும் இப்போது வெறும் டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்றுகிறான். நம் ஊரில் உறைந்து போகும் கவலை இல்லையே!

சரி, உங்கள் கம்ப்யூட்டருக்கு வருவோம்

உங்கள் மேஜையிலும் பல பச்சை விளக்குகள் எரிகின்றன. யு.பி.எஸ்.ஸில் ஒன்று. ஆன்ட்டி வைரஸ் புரோகிராமில் ஒன்று. “பேக்கப் முடிந்தது” என்ற செய்தி ஒன்று. இவற்றில் எதையாவது சோதித்திருக்கிறீர்களா?

திறந்திருக்கும் பைல்களை எல்லாம் சேவ் செய்து மூடிவிட்டு, யு.பி.எஸ்.ஸுக்கு வரும் சுவர் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று குறித்துக் கொள்ளுங்கள். பேட்டரி செத்துப் போயிருந்தால் மின்வெட்டின்போது தெரிவதை விட இன்றே தெரிவது மேல்.

ஆன்ட்டி வைரஸைச் சோதிக்க “ஐகார்” என்ற அமைப்பு 68 எழுத்துகள் கொண்ட ஒரு டெஸ்ட் பைலை வைத்திருக்கிறது. அதனால் எந்தத் தீங்கும் இல்லை. ஆனால், ஆன்ட்டி வைரஸ் அதனை வைரஸ் போலவே பிடிக்க வேண்டும். அந்த அமைப்பின் தளத்திலிருந்து மட்டும் டவுன்லோட் செய்யுங்கள்.

பேக்கப் எடுத்த பென் டிரைவிலிருந்தோ, வெளி ஹார்ட் டிஸ்க்கிலிருந்தோ ஒரு போட்டோவை, ஒரு கடிதத்தை வேறு போல்டருக்கு எடுத்து வந்து திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது பேக்கப்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அரை மணி நேரம் போதும். விளக்கு பச்சையாக எரிகிறதே என்று இருந்து விடாதீர்கள். அது எதைப் பார்த்து எரிகிறது என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.