எக்ஸ்போஷருக்கு நூத்துக்கு ரெண்டு வட்டி

வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் படித்துத் திரும்பியவர்கள் எழுதும் கட்டுரைகளை நீங்களும் நிறையப் படித்திருப்பீர்கள். முதல் பனி, தீய்ந்துபோன முதல் சாம்பார், ரயிலில் வழி காட்டிய பாட்டி, கடைசியில் 'இப்போது நான் வேறு ஆள்' என்று ஒரு வரி. என் கல்லூரியும் அப்படி ஒன்றை என்னிடம் கேட்டது. சேர்க்கைக் கையேட்டில் போட முந்நூறு சொல் வேண்டுமாம். எழுதிக் கொடுத்தேன். பனி அச்சில் வந்தது. பணத்தைப் பற்றி எழுதிய பத்தி வரவில்லை. அந்தப் பத்தியைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

எனக்கு ஊர் தர்மபுரி மாவட்டம் நல்லம்பள்ளி. அப்பா லாரி ஓட்டுநர். 2024 அக்டோபரில் கிளம்பி 2025 பிப்ரவரி முடிய ஜெர்மனியில் ஒரு குளிர்கால செமஸ்டர் படித்தேன். எங்கள் கல்லூரிக்கும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் ஒப்பந்தம் இருந்ததால் கல்விக் கட்டணம் கிடையாது. மாதம் 650 யூரோ உதவித்தொகையும் உண்டு. கேட்பவர்கள் "அப்புறம் என்ன, எல்லாம் ஃப்ரீதானே?" என்பார்கள்.

கணக்கைப் பார்ப்போம். மூன்று மாதத்துக்கு மேல் அங்கே தங்கிப் படிக்க மாணவர் விசா வேண்டும். விசா வேண்டுமென்றால், செலவுக்குக் கையில் பணம் இருப்பதை முன்கூட்டியே காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி கேட்கும் தொகை மாதத்துக்கு 992 யூரோ. 'பிளாக்டு அக்கவுண்ட்' என்று ஒரு கணக்கில் மொத்தத்தையும் போட்டுவிட்டால், அங்கே போனபின் மாதாமாதம் அளந்துதான் கொடுப்பார்கள். ஆறு மாதத்துக்கு 5,952 யூரோ. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ ஐந்தரை லட்சம் ரூபாய். உதவித்தொகைக்கு உறுதிக் கடிதம் இருந்தால் இந்தத் தொகையில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் என் கடிதம் விசாவுக்கு விண்ணப்பித்த பிறகுதான் வந்தது. முதல் தவணை அங்கே போய்ச் சேர்ந்து, பதிவு செய்து, அதற்குச் சான்று அனுப்பி, டிசம்பரில் வந்தது.

ஆக, உதவித்தொகை இருந்தும் ஐந்தரை லட்சத்தை நாங்கள் முதலில் புரட்ட வேண்டியிருந்தது. அம்மாவின் செயின் பேங்குக்குப் போனது. மகளிர் குழுவில் ஒரு கடன். ஏலச்சீட்டைப் பாதியிலேயே தள்ளி எடுத்தோம். பெங்களூரில் வேலை பார்க்கும் தாய்மாமா தன் சேமிப்பைக் கொடுத்தார். அப்படியும் ஒன்றரை லட்சம் துண்டு விழுந்தது. நூத்துக்கு ரெண்டு வட்டிக்கு வெளியே வாங்கினோம். மாதம் மூவாயிரம், ஆறு மாதத்துக்குப் பதினெட்டாயிரம். இதற்கு மேல் விமான டிக்கெட், இன்சூரன்ஸ், ஹாஸ்டல் முன்பணம். எனக்குக் கிடைத்த 'எக்ஸ்போஷருக்கு' நல்லம்பள்ளியில் ஒரு வீடு வட்டி கட்டிக்கொண்டிருந்தது.

இதை அழுது புலம்ப எழுதவில்லை. நான் போய்விட்டேன், வந்தும்விட்டேன். என் பிரச்சினை, போகாமல் நின்ற ஒருத்தியைப் பற்றியது. எங்கள் துறையில் இந்த வாய்ப்புக்கு எடுத்த பட்டியலில் அவள்தான் முதல் பெயர், நான் இரண்டாவது. இருந்தது ஒரு இடம். அவள் பென்னாகரம் பக்கம். அப்பா, அம்மா இரண்டு பேரும் பெங்களூரில் கட்டட வேலை. அடகு வைக்க நகை இல்லை, கேட்க மாமா இல்லை. வட்டிக்குக் கொடுக்கிறவர் எதை நம்பிக் கொடுப்பார்? வங்கிக் கல்விக்கடனும் நான்கு லட்சத்தைத் தாண்டினால் மூன்றாம் ஆள் ஜாமீன் கேட்கும், ஏழரை லட்சத்தைத் தாண்டினால் சொத்து கேட்கும். "நீயே போயிட்டு வா புள்ள" என்று சொல்லிவிட்டாள். கல்லூரிக் கோப்பில் அதற்கு என்ன பெயர் தெரியுமா? 'மாணவி விருப்பமின்மை.'

விருப்பமின்மையாம்!

கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தைரியம் போதாது, ஆங்கிலம் வராது, வீட்டில் விடமாட்டார்கள் என்று மேடைக்கு மேடை பேசுகிறவர்கள் இந்த ஒரு சொல்லைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அவளுடைய ஆங்கிலம் என்னுடையதைவிட நன்றாகவே இருந்தது. வீட்டிலும் சம்மதம்தான். அவளிடம் இல்லாதது முதல் அறுபது நாளுக்கான பணம். அதுவும் முழுக்கச் செலவாகிற பணம்கூட இல்லை. பாதிக்கு மேல் பின்னாலேயே உதவித்தொகையாக வரப்போகிற பணம். முன்னால் வர வேண்டியது பின்னால் வந்தது, அவ்வளவுதான் நடந்தது. அந்த இடைவெளியைத் தாண்ட என் வீட்டில் ஒரு செயின் இருந்தது. பட்டியலில் இரண்டாவதாக இருந்தவள் விமானம் ஏறியதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

அங்கே என் அறைத்தோழி போலந்துக்காரி. அவள் அப்பா பஸ் ஓட்டுநர். அப்பாக்களின் தொழிலைப் பேசித்தான் நாங்கள் பழக ஆரம்பித்தோம். அவள் வந்தது எராஸ்மஸ் திட்டத்தில். கிளம்பும் முன்பே உதவித்தொகையின் பெரும்பங்கு அவள் கணக்கில் ஏறியிருந்தது. ஐரோப்பியர்கள் 1987இல் அந்தத் திட்டத்தைத் தொடங்கியபோது 11 நாடுகளிலிருந்து போனவர்கள் 3,244 மாணவர்கள். இன்று 2021 முதல் 2027 வரையிலான ஏழு ஆண்டுக்கு ஒதுக்கீடு சுமார் 2,600 கோடி யூரோ. அங்கேயும் வசதியான வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம் போகிறார்கள் என்று அவளே திட்டுவாள். ஆனாலும் ஒரு பஸ் ஓட்டுநரின் மகள் ஒரு செமஸ்டர் வெளியே போவது அந்த ஊரில் செய்தியே இல்லை. அவளிடம் யாரும் முந்நூறு சொல் கேட்கவில்லை.

இங்கே 'எக்ஸ்போஷர்' என்ற சொல்லைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தர்மபுரி என்றாலே 'பின்தங்கிய மாவட்டம்' என்ற அடைமொழி தானாக ஒட்டிக்கொள்கிறது. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 68.54 சதவீதம், மாநிலத்திலேயே கடைசி. அது உண்மை. ஆனால் அதை வைத்து, எங்களுக்கு உலகமே தெரியாது, யாராவது கூட்டிப்போய்க் காட்ட வேண்டும் என்று பேசுவது எந்த ஊர் நியாயம்? என் அப்பா தொப்பூர் கணவாயில் பாரம் ஏற்றிய வண்டியை இறக்கப் பழகி, இருபது வருடத்தில் குவாஹாத்தி வரை போய் வந்தவர். நாலு மொழியில் டீ கேட்பார், ஆறு மொழியில் வழி கேட்பார். என் தோழியின் அம்மா பெங்களூரில் கன்னட மேஸ்திரியிடம் கூலி பேசி வாங்குகிறவர். இவர்கள் ஊரைவிட்டுப் போனால் அதற்குப் பெயர் 'பிழைக்கப் போறது'. பணம் உள்ள வீட்டுப் பிள்ளை போனால் 'எக்ஸ்போஷர்'. எங்களுக்கு உலகம் தெரியாது என்று ஏற்பாடு செய்துகொண்டால், காட்டுகிறவர் வள்ளலாகிவிடலாம். பணத்தை எப்போது தருவீர்கள் என்று வள்ளலிடம் யாரும் கேட்க மாட்டார்கள் இல்லையா?

கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். 1914இல் ராமானுஜன் கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறியபோது சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு கொடுத்தது. கப்பல் செலவுக்கும் துணிமணிக்கும் தனிப் பணம். 1913இல் அம்பேத்கர் கொலம்பியாவுக்குப் போனது பரோடா சமஸ்தானம் கொடுத்த மாதம் பதினொன்றரை பவுண்டில். அந்த உதவித்தொகைக் காலம் முடிந்ததும் 1917இல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அவர் ஊர் திரும்ப வேண்டியிருந்தது. மறுபடி போக மூன்று வருடம் ஆனது. அதுவும் சேமிப்பு, கடன், அடுத்தவர் உதவி என்று சேர்த்துத்தான். அம்பேத்கரையே பணம் நிறுத்தியிருக்கிறது. நாம் இன்னும் பிள்ளைகளுக்குத் 'தன்னம்பிக்கை' வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இன்று என்ன இருக்கிறது? மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை ஆண்டுக்கு 125 இடம். முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் மட்டும். 2025 ஜூலையில் 106 பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, முதலில் 40 பேருக்கு மட்டும் கடிதம் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு நிதி இருந்தால் பார்க்கலாம் என்று பதில். 'நான் முதல்வன்' திட்டத்தில் 2024இல் 25 மாணவர்கள் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள். நல்ல காரியம், ஆனால் ஒரு வாரம். யுஜிசியின் 2022 விதிமுறைப்படி 'ட்வின்னிங்' படிப்பில் முப்பது சதவீத கிரெடிட் வரை வெளிநாட்டில் படிக்கலாம். அதற்கு உங்கள் நிறுவனம் நாக் மதிப்பீட்டில் 3.01 எடுத்திருக்க வேண்டும், அல்லது தேசியத் தரவரிசையில் முதல் நூறில் இருக்க வேண்டும், அல்லது சிறப்பு நிறுவனமாக இருக்க வேண்டும். ஒரு செமஸ்டர் போக நினைக்கிற இளங்கலை மாணவிக்கு இதில் எந்தக் கதவு திறந்திருக்கிறது?

"நம்ம ஊர் அரசுக் கல்லூரியில லேப் இல்ல, வாத்தியார் பத்தல, இதுல ஜெர்மனி கேக்குதா?" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி, நானே கேட்டிருக்கிறேன். லேப் வேண்டும், வாத்தியார் வேண்டும், அதில் சமரசமே கிடையாது. ஆனால் இந்தக் கேள்வி எப்போதும் எங்களைப் பார்த்து மட்டும்தான் வருகிறது. நகரத்துத் தனியார் கல்லூரியில் பல லட்சம் கட்டிப் போகிறவனிடம் யாரும் கேட்பதில்லை. அதோடு, நான் கேட்பது பெரும்பாலும் புதுப் பணமே இல்லை. ஏற்கெனவே ஒதுக்கிய பணத்தை இரண்டு மாதம் முன்னால் கொடுங்கள் என்பதுதான்.

அரசுக்கு இது தெரியாத வித்தை ஒன்றும் கிடையாது. மகளிர் உரிமைத்தொகைக்கு விண்ணப்பம் பதியும் முகாமை 2023 ஜூலை 24 அன்று எங்கள் பக்கத்துத் தொப்பூரில்தான் முதல்வர் தொடங்கிவைத்தார். மாதம் ஆயிரம் ரூபாய் நேராக அம்மா கணக்குக்கு வருகிறது. செலவு செய்த ரசீதைக் காட்டு, அப்புறம் தருகிறேன் என்று யாரும் சொல்வதில்லை. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும் அப்படித்தான். ரசீது கேட்காமல் ஏழையை நம்பலாம் என்று இந்த மாநிலம் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டது. கடல் தாண்டும்போது மட்டும் அந்த நம்பிக்கை ஏன் நின்றுபோகிறது?

கேட்பது மூன்று. ஒன்று, தேர்வான மாணவருக்கு விசாவுக்குக் காட்ட வேண்டிய தொகையை அரசோ பல்கலைக்கழகமோ சுழல்நிதியாகப் போட வேண்டும். உதவித்தொகை வந்ததும் அதிலிருந்து கழித்துக்கொள்ளட்டும். இரண்டு, அங்கே படித்த பாடம் இங்கே எந்தப் பேப்பருக்குச் சமம் என்று கிளம்பும் முன்பே கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். எனக்கு வாய்வார்த்தைதான் கிடைத்தது. திரும்பி வந்ததும் இரண்டு பேப்பரை ஏற்க முடியாது என்றார்கள், அரியர் மாதிரி உட்கார்ந்து எழுதினேன். மூன்று, தேர்வாகியும் போகாதவர்களின் பட்டியலைக் காரணத்தோடு வெளியிட வேண்டும். காரணத்தை மாணவரே தன் கையால் எழுதட்டும்.

மூன்றாவதுதான் மலிவானது. ஒரு தாள் போதும். அதற்குத்தான் எல்லாரையும்விட அதிகமாகப் பயப்படுவார்கள். போய் வந்தவர்களின் பனிப் படங்களை ஒட்ட எல்லாக் கல்லூரியிலும் சுவர் இருக்கிறது. பக்கத்தில் இந்தத் தாளையும் ஒட்டுங்கள். 'விருப்பமின்மை' என்று எழுதிய கைக்கு அதற்கப்புறம் அந்தச் சொல் அவ்வளவு எளிதாக வராது.