மழையின் மீது போடும் பழி

சென்ற மாதம் படுவான்கரைக் கிராமம் ஒன்றின் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்திற்குச் சென்றிருந்தேன். சேமிப்புக் குழு பற்றிப் பேசத்தான் போனோம். ஆனால் வந்திருந்த பெண்கள் பேசியதெல்லாம் வீதியைப் பற்றியே. நிறைமாதக் கர்ப்பிணியான மகளை முச்சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டு ஆறு கிலோமீற்றர் வர ஒரு மணித்தியாலம் பிடித்ததென்று ஒரு தாய் சொன்னார். பிள்ளை நல்லபடியாகப் பிறந்துவிட்டது. “ஆனா அந்த ஒரு மணித்தியாலமும் நான் பட்ட பாடு கடவுளுக்குத்தான் தெரியும்” என்றார்.

அந்த வீதிக்குத் தார் போட்டு மூன்று வருடந்தான் ஆகிறதாம். முறையிடப் போன இடத்தில் கிடைத்த பதில், “மழையால பழுதாப் போச்சு” என்பது.

மழையின் மீது பழி போடுவது இலகு, அது திரும்பிக் கதைக்காது. ஆனால் அதே ஊரில், அதே மழையில் நனைகின்ற, அதே காலத்தில் போட்ட குறுக்கு வீதி ஒன்று இன்னும் நல்ல நிலையில் இருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றே. குறுக்கு வீதியால் மணல் டிப்பர் போவதில்லை.

பாரமான வாகனம் வீதியை எவ்வளவு கெடுக்கும் என்பதை அமெரிக்காவின் இல்லினோய் மாநிலத்தில், ஒட்டாவா என்ற ஊருக்கு அருகே, 1958 தொடக்கம் 1960 வரை பெரிய பரிசோதனையாகவே செய்து பார்த்தார்கள். இதற்கென்றே வீதிகளை அமைத்து, இராணுவச் சாரதிகளைக் கொண்டு லொறிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். அதிலிருந்து கிடைத்த கணக்கை இன்றும் பொறியியலாளர்கள் பயன்படுத்துகிறார்கள். வாகனத்தின் ஓர் அச்சின் மேல் உள்ள பாரம் இரண்டு மடங்கானால் வீதிக்கு வரும் சேதம் இரண்டு மடங்கல்ல, ஏறத்தாழ 16 மடங்கு. மூன்று மடங்கானால் 81 மடங்கு. வீதிக்கு வீதி இது கொஞ்சம் மாறும் என்றாலும் போக்கு இதுதான். சிறிய கார் ஒன்றின் அச்சில் அரைத் தொன் அளவு பாரம் இருக்கும். மணல் ஏற்றிய டிப்பரின் பின் அச்சில் 10 தொன் இருந்தால் பாரம் இருபது மடங்கு. சேதமோ ஓர் இலட்சத்து அறுபதாயிரம் மடங்கு! நானும் முதலில் நம்பவில்லை. பேரப்பிள்ளையின் கல்குலேற்றரில் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் வருகிறது.

மணலை நாம் கியூப் கணக்கில் வாங்குகிறோம். ஒரு கியூப் என்பது 100 கன அடி. காய்ந்த மணலென்றால் நாலரைத் தொன் அளவில் இருக்கும். ஆற்றிலிருந்து ஈரத்தோடு அள்ளினால் அதே ஒரு கியூப் இன்னும் பாரம். மேசன்மாருக்குத் தாச்சியில் மணல் சுமந்து கொடுத்த பெண்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. “அரைக் கியூப் கூடப் போட்டால் என்ன?” என்று குவித்து ஏற்றும்போது இரண்டு தொன்னுக்கு மேல் கூடுகிறது. 10 தொன் இருந்த அச்சில் 12 தொன் வந்தாலே சேதம் இரட்டிப்பாகிவிடும். ஒரு டிப்பர் போனது இரண்டு டிப்பர் போனதற்குச் சமம்.

கிராமத்து வீதிகள் இதற்காகப் போடப்பட்டவை அல்ல. மேலே மெல்லிய தார்ப்படை, கீழே கிறவல். பாரச் சில்லு போகும்போது அந்தப் படை வளைந்து நிமிர்கிறது. பல தடவை வளைந்ததும் மயிரிழை போல வெடிக்கிறது. மழை வருவது அதற்குப் பிறகுதான். வெடிப்பால் இறங்கும் தண்ணீர் கிறவலைச் சேறாக்க, அடுத்த சில்லு அந்தச் சேற்றைப் பிதுக்கி வெளியே தள்ள, கிடங்கு விழுகிறது. வடிகான் இல்லாத இடத்தில் இன்னும் கெதியாக. கொங்கிறீட் வீதியென்றால் ஓரம்தான் முதலில் உடையும், கரை மண் கரைந்துபோனால் அதைத் தாங்க ஒன்றும் இல்லை.

மணல் வேண்டாமென்று நான் சொல்ல வரவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகும், 2009இல் யுத்தம் முடிந்த பிறகும் எழுந்த வீடுகள் மணலில்லாமல் எழவில்லை. நான் குடியிருக்கும் வீடும் அப்படித்தான். சாரதிமாரும் நமது பிள்ளைகளே. ஆனால் ஒரு விடயத்தைக் கவனியுங்கள். ஏ, பி வகுப்பு வீதிகளை வீதி அபிவிருத்தி அதிகார சபையும், சி, டி வகுப்பு வீதிகளை மாகாண நிருவாகமும் பராமரிக்கின்றன. உள்ளூர் வீதிகள் பிரதேச சபையின் தலையில். மணல் அகழ அனுமதிப்பத்திரம் கொடுப்பதோ புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம். அனுமதி கொடுப்பவர் ஒருவர், கிடங்கு நிரப்புபவர் இன்னொருவர். இரண்டு பேருக்கும் நடுவில் முச்சக்கரவண்டியில் குலுங்கிப் போவது நாங்கள்.

“அப்ப நாங்க என்ன செய்யிறது மிஸ்?” என்று கேட்டார்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பற்றிச் சொன்னேன். அரச அலுவலகங்களில் தகவல் அலுவலர் ஒருவர் இருப்பார். எந்த இடத்தில், எத்தனை கியூப் அகழ அனுமதி, என்னென்ன நிபந்தனை என்று எழுத்தில் கேட்கலாம். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். காரணம் சொல்லத் தேவையில்லை. ஆங்கிலமும் தேவையில்லை, தமிழிலேயே எழுதலாம்.

அதற்கு முன், கையில் ஒரு கணக்கு இருப்பது நல்லது. சந்திக் கடைக்கார அக்காவும் இன்னும் இரண்டு பேரும் முறை வைத்து ஒரு வாரம் எழுதுவதாக ஒத்துக்கொண்டார்கள். அங்கேயே நாற்பது பக்கக் கொப்பி ஒன்றை எடுத்துக் கோடு போட்டோம். திகதி, நேரம், வாகன இலக்கம், போகும் திசை, மணல் பெட்டிக்கு மேலே குவிந்திருந்ததா என்று ஐந்து நிரல்கள். ஆறாவது நிரலைச் சேர்க்கச் சொன்னவர் அந்தத் தாய்தான்: தண்ணீர் சொட்டச் சொட்டப் போனதா, இல்லையா.